குழிக்கு மேலே தெரியும் தலை

கணபதியிலிருந்து கவுண்டம்பாளையம் வரைக்கும் எங்கே குழி தோண்டினாலும் சரி, தோண்டுகிறவர் முதுகை நிமிர்த்திப் பார்க்கும்போது மேலே ஒரு தலை தெரியும். அது எங்கள் தெரு எட்டிப்பார்த்தானின் தலை. சாக்கடைக் குழி, கேபிள் குழி, கேஸ் பைப் குழி, போன வாரம் மூடிவிட்டு இந்த வாரம் மறுபடி தோண்டும் குழி, எதிலும் அவன் பாகுபாடு பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் தோண்டாத ரோடே கிடையாது என்பதால் அவனுக்கு ஓய்வும் கிடைத்ததில்லை.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. நான் கணபதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவனுடைய பயோடேட்டாவை ஒவ்வொரு தடவையும் டைப் அடித்தவள் நான்தான். எனக்கே அந்தப் பெயர் சட்டென்று வாயில் வராது. தெரு முழுக்க எட்டிப்பாத்தான்தான். எங்கள் ஊர்க்காரர்கள் பட்டப்பெயர் வைத்தாலும் மரியாதையை விடமாட்டார்கள். "எட்டிப்பாத்தானுங்களா? இப்பத்தானுங்க அக்கட்ட போனாருங்க" என்றுதான் வழி சொல்வார்கள்.

பெயர் வந்தது ஒரு இழவு வீட்டில். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் தவறிவிட்டார். வெளியூரிலிருந்து மகன் வரவேண்டும் என்பதால் உடலைக் கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தோம். திடீரென்று பெட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டு தெரிந்தன. ஒருத்தி அலறியே விட்டாள். பார்த்தால் இவன் தரையில் மல்லாந்து படுத்து, பெட்டியின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறான். படுத்தபடியே பெட்டி கொண்டுவந்த ஆளிடம் கேட்கிறான்: "ஏனுங்க, கரண்ட் போச்சுன்னா எத்தனை நேரமுங்க தாங்கும்?"

செத்தவரின் சம்சாரம் அழுகையை நிறுத்திவிட்டு, "ஆரு கண்ணு அது, அடியில எட்டிப்பாக்கறது?" என்று கேட்டார். அன்றைக்கு ஒட்டியது அந்தப் பெயர். அடுத்த வாரமே அதே ஃப்ரீசர் பெட்டிக்காரரிடம் அவன் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

அவன் வேலை தேடுவதே இப்படித்தான். சம்பளம் என்ன, லீவு உண்டா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். அதனால் வேலைக்குச் சேர்ந்துவிடுவான். பார்த்து முடித்ததும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவான். நேராக என் கடைக்கு வருவான். "அக்கா, பயோடேட்டால ஒரு வரி சேத்தோணுமுங்க" என்பான்.

லாரி எடை போடும் மேடையில் கொஞ்ச நாள் இருந்தான். நல்ல முதலாளி, நிழலில் உட்காரும் வேலை. அதையும் விட்டுவிட்டு வந்து நின்றான்.

"ஏன் கண்ணு, அங்க என்ன கொறைச்சல்?"

"கொறையெல்லாம் இல்லீங்க்கா. மேடைக்கு அடியில என்ன இருக்குதுன்னு பாக்கோணும்னுதான் போனேன். மழைத்தண்ணி புகுந்துருச்சுன்னு மேடையைத் தூக்குனாங்க. நல்லாப் பாத்துப்போட்டேன்."

"என்ன இருந்துச்சு?"

"நாலு மூலையிலயும் நாலு இரும்புக் கட்டைங்க. அப்புறம் ஒரு பாம்புங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க்கா. இனி அங்க என்ன இருக்குது?"

லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தான். லிஃப்ட்டுக்கு மேலே ஏறி நின்றுகொண்டு ஒரு தடவை மொட்டை மாடி வரைக்கும் போய்ப் பார்த்தான், விட்டான். என் கடைக்கு எதிரில் இருக்கும் பேக்கரியில் சேர்ந்தான். பெரிய அடுப்பு எரியும்போது உள்பக்கச் சுவர் எப்படி இருக்கும் என்று சந்தேகம். குனிந்து பார்த்ததில் இரண்டு புருவமும் பாதி மீசையும் போய்விட்டன. பேக்கரிக்காரர் பதறிப்போய் முகத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு, "உள்ள அப்படி என்னதானுங்க தெரிஞ்சுது?" என்று கேட்டார். "தீதானுங்க" என்றான். புருவம் முளைக்கும் வரைக்கும் அவன் முகத்தில் எப்போதும் ஆச்சரியப்படுகிற மாதிரி ஒரு பாவனை இருந்தது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவன் சோம்பேறி இல்லை. எந்த வேலைக்கும் நேரம் தவறிப் போனதில்லை. யார் பொருளிலும் கை வைத்ததில்லை. அவனை வெளியே அனுப்பிய முதலாளி ஒருத்தர்கூடக் கிடையாது. எல்லாரும் "இருங்க தம்பி" என்று கெஞ்சியவர்கள்தான். அவனை உருப்படாதவன் என்று சொன்னவர்கள் எல்லாம் அவனோடு ஒரு நாள்கூட வேலை பார்க்காதவர்கள்.

இதற்கு நடுவில்தான் அந்த 'பேஷன்' வந்து தொலைந்தது. உடுத்துகிற ஃபேஷன் இல்லை. உயிரைக் கொடுத்துச் செய்வதற்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரியம் இருக்குமாம், அதைக் கண்டுபிடித்துவிட்டால் வாழ்க்கை ஜெயித்ததாம். என் கடைக்கு வருகிற பிள்ளைகள் பயோடேட்டாவின் முதல் வரியிலேயே அதைப் போடச் சொல்கிறார்கள். போன மாசம் வந்த பையனுக்கு விற்பனையில் உயிர். இந்த மாசம் அதே பையனுக்கு வங்கியில் உயிர். எத்தனை உயிர்தான் வைத்திருப்பான்? எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஜெராக்ஸ் எடுப்பது என் உயிர்மூச்சு என்று யாராவது சொன்னால் அடிப்பேன். மெஷின் சூடாகும், பேப்பர் சிக்கும், நான் திட்டுவேன், சோறு வருகிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தப் பிள்ளைகள் பேஷன் வரவில்லையே என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

எட்டிப்பார்த்தானையும் அதில் கொண்டுபோய் மாட்டிவிட்டவர் அவன் மச்சான். மச்சான் என்றால் அவன் மனைவி கோமதியின் அண்ணன். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அவினாசி ரோட்டில் ஒரு மண்டபத்தில் வாழ்க்கையில் ஜெயிப்பதற்குப் பயிற்சி முகாம் என்று கேள்விப்பட்டு, தன் கையிலிருந்து காசு கட்டி இவனை அனுப்பி வைத்தார்.

மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னாராம். "எதுக்காக நீங்கள் சாகத் தயார், அதை மனக்கண்ணில் பாருங்கள்" என்றாராம். மண்டபம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு விசும்பிக்கொண்டிருக்க, கோட்டுக்காரர் கண்ணைத் திறந்து பார்த்தால் தன் இடுப்புக்குப் பின்னால் ஒருத்தன் குந்த வைத்து உட்கார்ந்திருக்கிறான். சட்டைக் காலரில் மாட்டியிருந்த மைக்கின் ஒயர் எங்கே போகிறது என்று பார்க்க வந்தவன்.

சாயந்திரம் கடைக்கு வந்தான். முகம் செத்துக் கிடந்தது.

"எல்லாத்துக்கும் என்னமோ ஒண்ணு தெரிஞ்சுதுங்க்கா. ஒருத்தருக்குப் பாட்டு, ஒருத்தருக்கு ஓட்டல். எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. எதுக்காகவும் சாகோணும்னு தோணலை."

"சாக வேண்டாம், போ. காப்பி குடிக்கிறயா?"

"என்ன இருக்குதுன்னு பாக்கோணும்னு மட்டுந்தானுங்க தோணுது. அதைச் சொன்னேன். அது பேஷன்ல சேராதுன்னு சொல்லிப்போட்டாங்க."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கோட்டுக்காரர் எதிரில் இருந்திருந்தால் ஸ்டேப்ளரை எடுத்து அடித்திருப்பேன்.

கோமதி வீட்டில் பிளவுஸ் தைப்பவள். அதிகம் பேசமாட்டாள். அவனுக்கு வேலை இருக்கிற மாதமும் இல்லாத மாதமும் அவள் முகத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் அவள் அண்ணன் பொறுத்தது போதும் என்று முடிவு செய்துவிட்டார். மாரியம்மன் நோம்பிக்கு என்று சொல்லி அவளை ஊருக்கு அழைத்துக்கொண்டு போனவர் திருப்பி அனுப்பவில்லை. மாப்பிள்ளை ஒரே வேலையில் அடுத்த நோம்பி வரைக்கும் இருந்து காட்டட்டும், அதற்குப் பிறகு தங்கச்சியை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் நானே போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

எட்டிப்பார்த்தான் கடைக்கு வந்து நின்றான்.

"அக்கா, எந்த வேலையா இருந்தாலும் சரிங்க. உள்ள பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லாத வேலையா இருந்தா நல்லதுங்க."

என் சித்தப்பா மகன் பிளாஸ்டிக் நாற்காலிக் குடோன் வைத்திருக்கிறான். அங்கே சேர்த்துவிட்டேன். நாற்காலிக்குள் என்ன இருக்கப்போகிறது? மேலேயும் நாற்காலி, கீழேயும் நாற்காலி, எடுத்தால் இன்னொரு நாற்காலி. காலையில் போனான், சாயந்திரம் வந்தான். மாதக்கணக்கில் போனான், வந்தான்.

அந்தச் சமயத்தில் என் கடைக்கு முன்னாலேயே ரோட்டைத் தோண்டினார்கள். ஆள் உயரக் குழி. அடியில் ஆள் நுழையும் அளவுக்கு ஏதோ பழைய குழாய் ஒன்று கிடக்கிறது என்று தெருவே கூடிவிட்டது. நானே கடையை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். எட்டிப்பார்த்தான் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தான். கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, தன் செருப்பையே பார்த்தபடி நடந்து போய்விட்டான். தலையைத் திருப்பவே இல்லை.

பேக்கரிக்காரர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏனுங்க்கா, அவருக்கு உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவன் வந்து, "கோமதியைக் கூட்டியார்றதுக்குக் கேட்டுப் பாக்கலாம்னு இருக்கறேனுங்க. எனக்குப் பேசறதுக்குப் பெரியவிய ஆரும் இல்லை. நீங்க வாரீங்களா?" என்றான். ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். பொள்ளாச்சி பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

"அங்க கிணறு கண்ணுல பட்டாலும் சரி, மிஷின் பட்டாலும் சரி, ஒண்ணும் கேக்கக் கூடாது. புரியுதா?"

"கேக்க மாட்டேனுங்க்கா."

"நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

தொட்டுச் சொன்னான்.

தோட்டத்து வீட்டு வாசலில் கால் வைத்ததும் கோமதியின் அண்ணன் முகத்தைத் தென்னை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு, "வாங்க மாப்ளே" என்றார். கோமதியின் அம்மா, "வாங்க மாப்ளே, வாங்க அம்மணி" என்றார். எங்கள் பக்கத்தில் வெட்டுப்பகையே ஆனாலும் வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' சொல்லாமல் விடமாட்டார்கள். கோமதி சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள்.

பெண்ணை அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டால் எங்களவர்கள் சண்டை போடமாட்டார்கள். கோழி அடித்துவிடுவார்கள். வாய் நிறையச் சோறு இருப்பவன் என்ன கேட்டுவிடப் போகிறான்? வந்த விஷயத்தை நான் இரண்டு தடவை எடுத்தேன். ஒரு தடவை ஈரல் வந்தது. இன்னொரு தடவை இனிப்புக்கு ஒப்புட்டு வந்து அதன்மேல் நெய் விழுந்தது. "மொதல்ல சாப்புடுங்க அம்மணி, பேச்சு எங்க போகுது" என்று கோமதியின் அம்மா சொல்லும்போதே தெரிந்துவிட்டது, இன்றைக்குப் பேச்சு இல்லை.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "தோப்பு ஏன் இப்படி வாடிக் கிடக்குது?" என்று கேட்டேன். பஸ்ஸில் வைத்துச் சொன்ன புத்தியெல்லாம் எனக்கே மறந்துவிட்டது.

"போர்க்குழாய்ல மோட்டார் மாட்டிக்கிச்சுங்க" என்றார் அண்ணன். "ரிப்பேருக்குன்னு மேல எடுத்தாங்க. ரெண்டு மொழம் வந்துது, அப்படியே நின்னுபோச்சு. இதுக்கு மேல இழுத்தா பைப்பு அறுந்துரும்னுட்டாங்க. அடியில சேத்துல பொதைஞ்சிருக்குமாட்ட இருக்குது. தேங்காய் வெச்சு நீரோட்டம் பாத்து வேற எடம் குறிச்சாச்சுங்க. நாளைக்குக் காலையில போர் வண்டி வருது, புதுசா ஒண்ணு ஓட்டிரலாம்னு."

எட்டிப்பார்த்தானின் கை சோற்றில் நின்றது. நான் அவனை முறைத்தேன். அவன் இலையைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. நெஞ்சைத் தொட்டுச் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். காது இரண்டும் சிவந்துவிட்டன. அண்ணன் அதோடு விட்டிருக்கலாம். தன் பாட்டுக்கு ஒரு பெருமூச்சு விட்டார்.

"எங்க மாட்டியிருக்குதுன்னு ஆருங்க கண்டா? உள்ள போயா பாக்க முடியும்?"

அவ்வளவுதான். எட்டிப்பார்த்தான் எழுந்துவிட்டான்.

பாதி இலை சோறு அப்படியே இருந்தது. கோழித் துண்டைக் கடிக்கக்கூட இல்லை. மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோவது என்பது எங்கள் பக்கத்தில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள். கோமதியின் அம்மா கையில் கரண்டியோடு சிலை மாதிரி நின்றார். அண்ணன் முகம் கறுத்தது. அவர் கேட்டார்: "ஏனுங்க மாப்ளே, எங்கூட்டுச் சோறு எறங்கலீங்களா?"

இவனுக்கு அது காதிலேயே விழவில்லை. எச்சில் கையோடு தோப்புக்குள் போய், போர்க்குழாய் ஓரத்தில் மண்டி போட்டுவிட்டான். தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நானும் ஓடினேன், எனக்குப் பின்னால் வீட்டார் எல்லாரும் வந்தார்கள். போச்சு, கோமதி இனிமேல் வரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க மச்சான், ஒரு கண்ணாடி கெடைக்குமுங்களா?" என்று கேட்கிறான், ஒன்றுமே நடக்காத மாதிரி.

அண்ணன் அசையவில்லை. கோமதி உள்ளே போனாள். சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அதில் வெயிலைப் பிடித்துக் குழாய்க்குள் அடித்தான். கொஞ்ச தூரம் துருப்பிடித்த சுவர் பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே பைப்பும் ஒயரும் மறைத்துக்கொண்டன.

"போனை உட்டுப் பாக்கலாமுங்க. லைட்டைப் போட்டு, வீடியோவைப் போட்டு" என்று தன் சட்டைப்பையைத் தொட்டான். அவனிடம் இருந்தது பட்டன் போன்.

கோமதி தன் போனை நீட்டினாள்.

"அம்மணி, போனு போயிரும்" என்றார் அண்ணன்.

"போனாப் போகுது, உடுங்கண்ணா" என்றாள் கோமதி. நாங்கள் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நைலான் கயிற்றில் கட்டி இறக்கினான். கொஞ்ச தூரம் போனதும் கயிறு தொய்ந்தது. மேலே இழுத்து வீடியோவைப் போட்டான். நாலு தலை அந்தச் சின்னத் திரைக்கு மேலே முட்டிக்கொண்டன. படம் தட்டாமாலை சுற்றியது. துரு, பைப், ஒயர், துரு. கடைசியில் வெள்ளையாக, நரைத்த தலைமுடி மாதிரி என்னமோ தெரிந்தது. முடிந்துவிட்டது.

"அது என்னுங்க?" என்றார் கோமதியின் அம்மா. கரண்டி இன்னும் கையிலேயே இருந்தது.

"தெரீலீங்க அத்தை. இன்னொருக்கா உட்டுப் பாக்கோணும்."

அண்ணனால் அதற்கு மேல் தள்ளி நிற்க முடியவில்லை. "முடிச்சு இப்படியா போடறது? பிரியுதல்லோ. குடுங்க இங்க" என்று கயிற்றைப் பிடுங்கினார். கன்றுக்குட்டி கட்டிப் பழகிய கை. தானே முடிச்சுப் போட்டு, தானே இறக்கினார். கயிறு தொய்ந்தது. மேலே இழுத்தார். வெறும் கயிறு வந்தது.

அண்ணன் கயிற்றின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதி இலையில் எழுந்த மாப்பிள்ளையை என்ன கேட்கலாம் என்று அவர் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் அந்த போனோடு கீழே போய்விட்டன.

"அறுநூறு அடிக்குப் போயிருக்கும்" என்றார் கடைசியில்.

"போச்சாது உடுங்க மச்சான்" என்றான் எட்டிப்பார்த்தான். "சாக்கடைக் குழாய்க்குள்ள உடற கேமரா கோயமுத்தூர்ல வாடகைக்குக் கெடைக்குமுங்க. நாளைக்கு எடுத்துட்டு வாரேன். போர் வண்டியை மட்டும் நாளன்னைக்கு வரச் சொல்லுங்க."

கிளம்பும்போது கோமதி துணிப் பையோடு வாசலில் நின்றாள்.

"அம்மணி, அடுத்த நோம்பி வரைக்கும் பொறுன்னு சொன்னமல்லோ" என்றார் அண்ணன்.

"கேமராவை எடுக்கறப்பவே கூட இருந்து எப்படிப் பாக்கறதுன்னு தெரிஞ்சுக்கோணுமுங்கண்ணா. அந்த வெள்ளையா இருந்துது என்னன்னு எனக்குப் பாக்கோணும்."

"அதுக்கு நீயும் போகோணுமா? அவரு போய் எடுத்துட்டு வாராரு."

"இவரு எடுத்துட்டு வர்ற வழியில வேற எதையாச்சும் எட்டிப்பாக்க நின்னுட்டா?"

அண்ணன் வழியை விட்டு விலகி நின்றார். அவள் கேட்டதை என்னாலும் மறுக்க முடியாது. இவ்வளவு வருசம் அவள் வாயைத் திறக்காமல் இருந்தது பொறுமையினால் என்று நான் நினைத்திருந்தேன். அவன் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து சொன்ன கதையை எல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பஸ்ஸில் அவர்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். லிஃப்ட்டுக்கு மேலே நின்று போனபோது உச்சியில் என்ன இருந்தது என்று அவள் மறுபடி கேட்க, அவன் மறுபடி சொல்லிக்கொண்டு வந்தான்.

மறுநாள் கேமரா இறங்கியது. வெள்ளையாக இருந்தது வேர். பக்கத்து வேப்பமரத்து வேர், குழாயின் ஒரு இணைப்பு விட்டிருந்த இடத்தில் உள்ளே புகுந்து, பைப்பைச் சடை பின்னின மாதிரி சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. அறுநூறு அடிக்குப் போயிருக்கும் என்று நினைத்த போன் அந்த வேர்மேல்தான் மல்லாந்து படுத்திருந்தது. கம்பியில் கத்தியை வெல்டு வைத்து வேரை அறுத்தார்கள். மோட்டார் மேலே வந்தது. போன் வேரோடு சேர்ந்து அடிக்குப் போய்விட்டது. அடுத்த நாள் வேறு குழி ஓட்டுவதற்கு வந்து நின்ற போர் வண்டிக்காரர் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மாட்டிக்கொண்ட மோட்டாருக்கும் தண்ணீர் நின்றுபோன போருக்கும் பஞ்சமே இல்லை. ஒன்று நின்றால் பக்கத்திலேயே இன்னொன்று ஓட்டுவார்கள். பழையதற்குள் என்ன ஆயிற்று என்று பார்ப்பவர் குறைவு. விஷயம் தோப்புக்குத் தோப்பு பரவியது. அண்ணனே நாலு பேரிடம், "எங்க மாப்ளேயைக் கூப்புடுங்க, உள்ள பாத்துச் சொல்லிருவாரு" என்று சொல்ல ஆரம்பித்தார். நாற்காலிக் குடோனில் கும்பிட்டுவிட்டு வந்துவிட்ட எட்டிப்பார்த்தானிடம் இப்போது சொந்தமாக ஒரு கேமரா இருக்கிறது. மொபெட்டில் முன்னால் அவன், பின்னால் கோமதி, நடுவில் குழந்தை மாதிரி கேபிள் சுற்றிய உருளை. அவன் கேமராவை இறக்குவான். அவள் திரையைப் பார்த்து எந்த அடியில் என்ன என்று சொல்வாள்.

கண்டுபிடிப்பது எப்போதும் நல்ல சேதியாக இருப்பதில்லை. பல போர்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதையும் அவன் மறைக்காமல் சொல்லிவிடுகிறான். அதற்காகத் திட்டு வாங்கியும் வருகிறான்.

ஒரு நாள் வாயைக் கிளறினேன். "கடைசீல உன்ற பேஷனைக் கண்டுபுடிச்சுட்டயாட்ட இருக்குது?"

"அதெல்லாம் இல்லீங்க்கா. எனக்கு எதுக்குங்க அது?" என்று நிஜமாகவே பயந்துவிட்டான். "ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு மாதிரி இருக்குதுங்க. ஒண்ணுல தவளை இருக்குது, ஒண்ணுல ஆரோ போட்ட செருப்பு இருக்குது. பாத்துப்போட்டேன்னு சொல்லிட்டு வரவே முடியறதில்லீங்க."

இதை அந்தக் கோட்டுக்காரர் எந்த மண்டபத்திலும் சொல்லப்போவதில்லை. உயிரைக் கொடுக்கும் காரியம் எதுவும் கண்ணில் படாத பிள்ளைகள் என் கடைக்கு வந்தால் நான் சொல்கிறேன்: படாவிட்டால் போகிறது, எதை எட்டிப்பார்க்கத் தோன்றுகிறதோ அதைப் போய்ப் பார். ஒன்றும் இல்லையென்றால் அடுத்ததைப் பார். பாதிப் பேர் என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு ஜெராக்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

போன வாரம் கடையில் கூட்டம் நெரிந்த நேரத்தில் இரண்டு பேரும் வந்தார்கள். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு போரில் எடுத்த வீடியோவாம். "அக்கா, நீங்க பாக்கோணுமுங்க" என்றான்.

"வேலை நேரத்துல வந்து உசுரை வாங்காதே" என்று கத்தினேன்.

கோமதி தன் புதுப் போனை என் முன்னால் மேஜையில் சாய்த்து வைத்தாள். கல். கல். கறுத்த கல். அப்புறம் கொஞ்சம் ஈரம். பாறை இடுக்கிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் இறங்கி, கேமரா வெளிச்சத்தில் மினுங்கியது. அதற்குக் கீழே மறுபடியும் கல். வெளியே ஆதார் கார்டை நீட்டிக்கொண்டிருந்தவர், "ஏனுங்க்கா, எத்தனை நேரமுங்க?" என்றார். "சித்த இருங்க, இன்னும் அடி வரலை" என்றேன். எட்டிப்பார்த்தான், தானே எடுத்த வீடியோவை முதல் தடவை பார்ப்பவன் மாதிரி, என் தோளுக்கு மேலே எக்கிக்கொண்டிருந்தான். நான் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டேன்.